ஹெற்றியோநெற்றும் ஸ்போக்கும்: யாழ்ப்பாணத்துப் பயனர் ஒருவரின் மதிப்பீடு

மருந்து, நோய், மரபணு, பக்கவிளைவு என்று வெவ்வேறு தரவுத்தளங்களில் சிதறிக் கிடக்கும் மருத்துவ அறிவை ஒரே வலையாகக் கோத்து, எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் இரண்டு சேவைகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒன்று ஹெற்றியோநெற், மற்றது ஸ்போக். இரண்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் செர்ஜியோ பரன்சினியின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்தவை. பார்ப்பதற்கும் தேடுவதற்கும் கட்டணம் இல்லை. நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர் சிலரும் கணினி விஞ்ஞானம் கற்போர் சிலரும் சேர்ந்து நடத்தும் சிறிய வாசிப்புக் குழுவுக்குத் தரவுப் பக்கத்து வேலைகளைச் செய்து கொடுப்பவன். ஆகவே இந்தச் சேவைகள் அழகாக இருக்கின்றனவா என்பதை விட, இங்குள்ள நோயாளர் பதிவுகளை ஒருநாள் இவற்றோடு பொருத்திப் பார்க்க இயலுமா என்ற கேள்வியே எனக்கு முக்கியமாக இருந்தது.

ஹெற்றியோநெற்றிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அது சிறியது, முழுவதையும் சாதாரண மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். டானியல் ஹிம்மெல்ஸ்டைன் முதன்மை ஆசிரியராக 2017 இல் ஈலைஃப் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையோடு அறிமுகமான இந்த வலையில் 11 வகையைச் சேர்ந்த 47,031 கணுக்களும், அவற்றை இணைக்கும் 24 வகையான 2,250,197 தொடுப்புகளும் இருக்கின்றன. அவை 29 பொதுத் தரவு மூலங்களிலிருந்து திரட்டப்பட்டவை. கணு என்பது ஒரு மரபணுவாக, ஒரு நோயாக, ஒரு மருந்தாக, ஓர் உடல் உறுப்பாக, ஓர் அறிகுறியாக இருக்கலாம். தொடுப்பு என்பது 'இந்த மருந்து இந்த நோய்க்குச் சிகிச்சையளிக்கிறது', 'இந்த மருந்து இந்தப் புரதத்தோடு இணைகிறது', 'இந்த மரபணு இந்த நோயோடு தொடர்புடையது' என்பது போன்ற ஓர் எளிய வாக்கியம். நோயின் போக்கையே மாற்றும் சிகிச்சையையும் அறிகுறியை மட்டும் தணிப்பதையும் இரண்டு வேறு தொடுப்புகளாகப் பிரித்து வைத்திருப்பது, இதைக் கட்டியவர்கள் வைத்தியர்களோடு உட்கார்ந்து பேசியே வேலை செய்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இதன் பயனை விளக்க ஆய்வாளர்களே எடுத்துக்காட்டும் உதாரணம், புகையிலைக்குப் பேர்போன எங்கள் குடாநாட்டுக்கும் பொருத்தமானது. புப்ரோப்பியன் என்ற மருந்து 1985 இல் மனச்சோர்வுக்காக அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. புகைத்தலைக் கைவிட உதவும் மருந்தாக 1997 இல் மறுபடியும் அங்கீகாரம் பெற்றது. ஹெற்றியோநெற்றில் ஒரு முனையில் புப்ரோப்பியனையும் மறுமுனையில் நிக்கொட்டீன் சார்புநிலையையும் கொடுத்தால், இடையிலுள்ள வழிகளைத் தளம் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஒரு வழி சி.எச்.ஆர்.என்.ஏ.3 என்ற மரபணுவினூடாகச் செல்கிறது: நிக்கொட்டீன் சென்று ஒட்டும் ஏற்பிகளில் ஒன்றின் ஒரு பகுதியைத் தரும் மரபணு அது, புப்ரோப்பியன் அந்த ஏற்பியோடு இணைகிறது, அந்த மரபணுவின் வேறுபாடுகள் நிக்கொட்டீன் சார்புநிலையோடு தொடர்புபட்டவை. இன்னொரு வழி பக்கவிளைவுகளினூடாகச் செல்கிறது: புப்ரோப்பியன் உண்டாக்கும் தூக்கக் குலைவு வரெனிக்கிளினுக்கும் உண்டு, வரெனிக்கிளினோ புகைத்தலை நிறுத்தவே கொடுக்கப்படும் மருந்து. முதல் வழியை எந்த வைத்தியரும் ஏற்றுக்கொள்வார். இரண்டாவதை எங்கள் குழுவில் காட்டியபோது, இது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதல்லவா என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் ஒரே பக்கவிளைவைத் தரும் இரு மருந்துகள் உடலில் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்ற ஊகம் மருந்தியலில் புதியதல்ல. தளம் இரண்டு வழிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றும் இறுதி மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பங்களித்தது என்று காட்டுவதால், வாசகர் தாமே ஏற்கவும் தள்ளவும் முடிகிறது. காரணம் சொல்லாமல் மதிப்பெண் மட்டும் தரும் கருவிகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதே முறையில் 209,168 மருந்து–நோய்ச் சோடிகளுக்கு, அந்த மருந்து அந்த நோய்க்கு உதவும் சாத்தியத்தை அவர்கள் கணித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த 755 சிகிச்சைகளிலிருந்து கணினி கற்றுக்கொண்ட கணிப்பு அது. ஊரெல்லாம் உறவுள்ள கணுக்களினூடாகச் செல்லும் வழிகளுக்குக் குறைந்த எடை கொடுக்கும் விதி இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டால், அதிகம் ஆராயப்பட்ட சில மரபணுக்களே எல்லாக் கேள்விக்கும் விடையாக வந்து நிற்கும். விதி இருந்தும் அந்தச் சாய்வு முற்றாக நீங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: எவரும் ஆராயாத மரபணுவுக்குத் தொடுப்பே இருக்காது, தொடுப்பில்லாததை எந்த எடையும் மீட்காது.

ஹெற்றியோநெற்றின் குறைகள் வெளிப்படையானவை. அதில் உள்ள நோய்கள் 137 மட்டுமே. இரண்டாம் வகை நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் களப் (உணவுக்குழாய்ப்) புற்றுநோயும் உண்டு. ஆனால் பதிப்பு 2017 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால் கோவிட்-19 இல்லை. கற்பதற்கு இது தடையல்ல. இன்றைய ஆய்வுக்கு இதை மட்டும் நம்பிப் போவது தகாது.

அந்த இடத்தில்தான் ஸ்போக் வருகிறது. 2023 இல் வெளியான விபரத்தின்படி அதில் 21 வகையான 2 கோடியே 70 இலட்சம் கணுக்களும் 55 வகையான 5 கோடியே 30 இலட்சம் தொடுப்புகளும் இருந்தன. மூலத் தரவுத்தளங்கள் 41. உணவுப் பொருள்களும் அவற்றிலுள்ள சேர்வைகளும்கூடக் கணுக்களாக இருக்கின்றன. சுற்றயலைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு நோயின் பெயரைக் கொடுத்தால் அதைச் சூழ்ந்த கணுக்கள் நிறம் நிறமாக விரிகின்றன. எந்த வகைத் தொடுப்பு வேண்டும், எவ்வளவு உறுதியான சான்று வேண்டும் என்று வடிகட்டிக்கொள்ளலாம். வடிகட்டாமல் திறப்பவருக்குக் கிடைப்பது ஒரு நிறக்குவியல். முதல்முறை பார்ப்பவர்கள் மரபணுத் தொடுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கேள்விகளை நிரல்வழியாக அனுப்பியும் பதில் பெறலாம், எங்கள் கணினி மாணவர்கள் அதைத்தான் விரும்பினார்கள்.

ஸ்போக்கின் பெறுமதி அதன் பருமனில் இல்லை என்பது என் கருத்து. வலையை உண்மையான நோயாளர் பதிவுகளோடு இணைக்கும் வழியை 2019 இல் நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் அந்தக் குழு விளக்கியது. மதிப்பிட வேண்டியது அதுவே. வைத்தியசாலைப் பதிவில் உள்ள நோய்க்குறியீடு, ஆய்வுகூடப் பரிசோதனை, மருந்து ஆகியவற்றில் வலையிலும் இருப்பவற்றை அவர்கள் நுழைவாயில்களாகக் கொண்டார்கள். பிறகு கூகுள் தேடலின் தொடக்கத்தில் இருந்த பேஜ்ராங்க் கணிப்புமுறையைச் சற்று மாற்றி ஓடவிட்டார்கள். நல்லூர் வீதியிலிருந்து புறப்பட்ட ஒருவர் கண்ட ஒழுங்கைகளிலெல்லாம் திரும்பித் திரும்பி நடந்து, இடையிடையே மறுபடி நல்லூருக்கே வந்து புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நீண்ட நேரத்தின் பின் அவர் எந்த மூலையை எத்தனை தடவை மிதித்தார் என்ற கணக்கு, நல்லூருக்கு அந்த மூலை எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லிவிடும். அதே விதமாக ஒரு நோய்க்குறியீட்டிலிருந்து புறப்பட்ட நடை வலையிலுள்ள ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒவ்வொரு சேர்வைக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. ஒரு நோயாளரின் பதிவிலுள்ள எல்லாவற்றுக்குமான எண்களைக் கூட்டினால், அவருடைய மருத்துவ வரலாறு உயிரியல் மொழியில் எழுதிய ஒரு கையொப்பமாகிவிடுகிறது. வைத்தியசாலைப் பதிவில் மரபணு பற்றி ஒரு சொல்லும் இல்லாத நோயாளருக்கும், எந்த மரபணுக்கள் கவனிக்கத்தக்கவை என்ற ஒரு குறிப்பு இவ்வாறு கிடைக்கிறது.

இது வெறும் வித்தையல்ல என்பதற்கு 2024 இல் நேச்சர் ஏஜிங் இதழில் வந்த ஆய்வைச் சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோ வளாகத்தின் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவுகளிலிருந்து, அல்சைமர் நோய் கண்டறியப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அதைக் கணிக்க முடியுமா என்று பார்த்தார்கள். கணிப்புத் திறன் ஏறத்தாழ 72 சதவீதமாக இருந்தது. குருதியில் கொழுப்பு மிகைப்பு, உயர் குருதியமுக்கம், விற்றமின் டி குறைபாடு ஆகியவை இருபாலாரிலும் முன்னறிகுறிகளாக நின்றன. பெண்களில் என்புத்துளை நோய் தனியாகத் துலங்கியது. இதுவரை உள்ளவை பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியவை. ஏன் என்ற கேள்வியோடு ஸ்போக்கிடம் போனபோது, கொழுப்பு மிகைப்பை அல்சைமரோடு இணைக்கும் வழியில் ஏபோஈ மரபணுவும், பெண்களின் என்புத்துளை நோயை இணைக்கும் வழியில் எம்.எஸ்.4.ஏ.6.ஏ. என்ற மரபணுவும் முன்னுக்கு வந்தன. ஏபோஈ அல்சைமரோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்ட பழைய அறிமுகம். அது வந்ததால் முறை சரியாக ஓடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போய்ச் சோதிக்க வேண்டிய சரக்கு இரண்டாவதுதான். ஆனால் 72 சதவீதம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதரிடம் போய், உங்களுக்கு மறதி நோய் வரும் என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வை இணையத்தில் பகிர்ந்தவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

வலை சொன்னதை நோயாளரிடம் சோதித்து முடிவு கண்ட வேறொரு கதையும் உண்டு, அது நிறுவனம் ஒன்றினுடையது. 2020 பெப்ரவரியில் பெனவலென்ற் ஏஐ தன் அறிவு வலையைத் தேடி, மூட்டுவாத மருந்தான பரிசிற்றினிப் கோவிட்-19 க்கு உதவக்கூடும் என்று லான்செற் இதழில் எழுதியது. அதன் பின் நோயாளரை வைத்து நடந்த எழுமாற்றுச் சோதனைகளே தீர்ப்பைச் சொல்லின; 2022 மேயில் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் கிடைத்தது. எங்கே தேடலாம் என்று காட்டுவதே வலையின் பங்கு. மருந்து கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். இந்த வேலையின் ஒரு பாதியான மருத்துவ அறிவு, மேலே சொன்னபடி, இலவசமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மறுபாதியான நோயாளர் பதிவு எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் நோயாளரின் கைப்பையில் ஒரு கிளினிக் கொப்பியாக இருக்கிறது. உண்மை நோயாளர் எவருடைய பதிவையும் தொடாமல், பயிற்சிக்காக நாங்களே கற்பனையில் எழுதிய சில கொப்பிகளை வலையோடு பொருத்திப் பார்த்தோம். வழமையான ஒரு பக்கம் இப்படி இருக்கும்: மேலே திகதி முத்திரை, அதன் கீழ் டி.எம். (நீரிழிவு), எச்.ரி. (உயர் குருதியமுக்கம்), டி.எல். (குருதிக் கொழுப்புக் கோளாறு) என்று மூன்று சுருக்கங்கள். ஓரத்தில் ஒட்டிய ஆய்வுகூடத் துண்டில் எப்.பி.எஸ். (வெறுவயிற்றுக் குருதி வெல்லம்) 142; கீழே மெற்போமின் 500 மில்லிகிராம் குளிசை காலையும் மாலையும். மருந்து உடனே தன் கணுவைச் சென்றடைகிறது, ஏனெனில் மருந்தின் பொதுப்பெயர் உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். 142 என்பது எண்ணாக இருக்கும்வரை வலைக்குப் பயனில்லை. அதைக் 'குருதி வெல்லம் உயர்ந்தது' என்ற இயல்பாக மாற்ற வேண்டும், ஆய்வுகூடக் குறியீடுகளை அவ்வாறு மாற்றுவதற்கான திறந்த அட்டவணை ஒன்று 2019 முதல் இருக்கிறது. சிக்கல் சுருக்கங்களில்தான். டி.எம். என்று மட்டும் எழுதியிருந்தால் நீரிழிவின் எந்த வகை என்று தெரியாது. வலையிலோ இரண்டு வகையும் இரண்டு கணுக்கள். எம்.எஸ். என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம்: வாதக்காய்ச்சலின் பின்விளைவுகளை இன்னும் பார்க்கும் எங்கள் இதய கிளினிக்கில் அது பெரும்பாலும் ஈரிதழ் வால்வு ஒடுக்கம், பரன்சினியின் குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவதோ அதே சுருக்கத்தைத் தாங்கிய நரம்பு நோய் ஒன்று. கணினி தானாகப் பொருத்தட்டும் என்று விட்டால், வால்வு நோயாளர் ஒருவர் நரம்பியல் மரபணுக்களுக்கு நடுவில் போய் நிற்பார். அருகில் ஒரு வைத்தியர் இருந்து ஒவ்வொரு சுருக்கத்தையும் உறுதிப்படுத்தினால்தான் இந்த வேலை நடக்கும்.

விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை இதைவிட நல்லது. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நோயாளர் வீடு திரும்பும்போது பெட் ஹெட் ரிக்கெற் எனப்படும் விடுதிப் பதிவேட்டில் உள்ள நோய்முடிவு, நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பத்தாம் திருத்தக் குறியீடாக மாற்றப்பட்டு, சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. அதற்கான மின்னியல் முறையும் இருக்கிறது. ஈ11 என்றால் இரண்டாம் வகை நீரிழிவு, ஐ10 என்றால் காரணம் தெரியாத உயர் குருதியமுக்கம், சி15 என்றால் களப் புற்றுநோய். இந்தக் குறியீடுகளிலிருந்து வலையின் கணுக்களுக்குச் செல்லும் பாலங்கள் ஏற்கெனவே கட்டப்பட்டவை. ஆகவே யாழ்ப்பாணத்தில் எவராவது இத்தகைய கூட்டாய்வைத் தொடங்குவதானால், கிளினிக் கொப்பிகளை ஸ்கான் செய்யும் பெருங்கனவோடு தொடங்காமல், விடுதிக் குறியீடுகளிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. எங்கள் குழுவில் இதற்கு எதிர்க்கருத்தும் உண்டு: விடுதிக்கு வருபவர்கள் நோய் முற்றியவர்கள், அவர்களை மட்டும் பார்த்தால் நோயின் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். என்றாலும் குறியீடே இல்லாத தரவைவிடச் சாய்வுள்ள தரவு மேல், அந்தச் சாய்வு இன்னதென்று எழுதி வைத்தால்.

வலை முற்றாக மௌனமாக இருக்கும் இடம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, சுண்ணக்கல் படுகையில் தேங்கும் நிலத்தடி நீரே பெரும்பாலும் குடிநீரும் தோட்ட நீரும். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். அதற்கும் களப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. ஹெற்றியோநெற்றின் 11 கணு வகைகளில் சுற்றுச்சூழலுக்கு இடமே இல்லை. ஸ்போக்கில் சேர்வைகளும் உணவும் இருந்தாலும், சுன்னாகத்துக் கிணறு ஒன்றின் அளவீடு அங்கே இருக்க நியாயமில்லை. அந்தத் தொடுப்பை நாங்களேதான் சேர்க்க வேண்டும்: கிணற்று அளவீடு ஒரு கணு, கிராம சேவகர் பிரிவு ஒரு கணு, சி15 குறியீட்டோடு வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு கணு. நியோ4ஜே என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஹெற்றியோநெற்றை இறக்கி வைத்தவர்களுக்கு இது கடினமான வேலையல்ல, எங்கள் மாணவர்கள் போலி எண்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். வலையில் இருப்பது பிற இடங்களில் ஆராயப்பட்டதே என்பதால், மேனாட்டு மரபணுத் தரவுகளின் மீது கட்டிய வலை தமிழ் நோயாளருக்கு எவ்வளவு பொருந்தும் என்ற ஐயத்தையும் தள்ளிவிட முடியாது. பெருந்தொகை மரபணுவாய்வுகளில் பங்கெடுத்தோர் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தினர். அவர்களிடம் கண்ட தொடர்பு இங்கே வலுக்குறையலாம், இங்கு மட்டும் உள்ள தொடர்பு அங்கே அறவே தெரியாமலும் போகலாம்.

நோயாளர் தரவை வெளிநாட்டுக் குழுவோடு பகிர்வது பற்றிய அச்சம் நியாயமானது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. ஒப்பந்தம் போட்டு எல்லாவற்றையும் அனுப்பிவிடும் முறை இன்று தேவையும் இல்லை. ஒடிசி என்று அழைக்கப்படும் உலகளாவிய கூட்டமைப்பில் ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் பதிவுகளைப் பொதுவான ஒரே அமைப்புக்கு மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது; கேள்வி மட்டும் நிரலாக வந்து, உள்ளூரில் ஓடி, எண்ணிக்கைகளாகத் திரும்பிப் போகிறது. எங்களுக்கு ஏற்ற முறை இதுவே என்று நினைக்கிறேன். அதிலும் சிறிய எண்ணிக்கைகளை மறைக்கும் விதி கண்டிப்பாக வேண்டும்: பெயரை நீக்கிவிட்டோம் என்று சொன்னாலும், அரிய நோயுள்ள இருவர் மட்டும் வாழும் ஒரு தீவுப் பகுதியில் ஊரின் பெயரே ஆளின் பெயராகிவிடும்.

மூன்றாவதாக ஹாவர்டில் மரின்கா சிற்னிக்கின் குழு 2023 இல் வெளியிட்ட பிரைம்கேஜி என்ற அறிவு வலையைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அதில் 17,080 நோய்களும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட தொடர்புகளும் உள்ளன, அரிய நோய்களைத் தேடுபவர்களுக்கு அதுவே முதல் தெரிவு. ஆனால் அது அட்டவணைக் கோப்பாகக் கிடைக்கும் தரவு; திறந்து பார்ப்பதற்கே நிரல் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே விரிவாக மதிப்பிடவில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு என் பரிந்துரை ஸ்போக்கின் சுற்றயல் பக்கம்; ஒரு நோயை அதன் மரபணுக்களோடும் மருந்துகளோடும் ஒரே திரையில் பார்ப்பது பாடப்புத்தகம் தராத பழக்கம். கணினி மாணவர்களுக்கு ஹெற்றியோநெற். இறக்குமுன் உரிமங்களை வாசியுங்கள்: தொகுத்தவர்களின் பங்கு எவரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு தொடுப்பும் தன் மூலத் தரவுத்தளத்தின் உரிமத்தைச் சுமந்துகொண்டே வருகிறது, சில மூலங்கள் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. பட்டப்படிப்புச் செயற்றிட்டத்தைப் பின்னர் செயலியாக விற்க எண்ணுபவர்கள் அந்தத் தொடுப்புகளை முதலிலேயே வடிகட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.